நூல் படுத்த பிறகே இட்ட கையெழுத்து

சங்ககிரிச் சாலையோரக் கல்லூரிக் கொட்டகையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் காற்றைக் கட்டி வைத்துக் கல்வி புகட்டி, இன்று பணி நிறைவு பெறும் காற்றியல் ஆய்வகப் பொறுப்பாளர் கௌசியா அம்மையாருக்கு, உடன் பணியாற்றியோர் உளமுவந்து அளிக்கும் மடல்.

காணாத காற்றுக்குக் கண் வைத்தவரே! கணக்கு சொன்னாலும் கண்ணால் கண்ட பின்பே கையெழுத்திட்ட கண்ணியமே! சேலம் கோட்டையிலிருந்து ஏழே கால் மணிப் பேருந்தில் சன்னலோர இருக்கை பிடித்து, ஒரு நாளும் பிந்தாமல் வந்து சேர்ந்த பொறுமையே! உங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்.

வாழ்த்து மடல் என்றால் வரிசையாகப் புகழ்ந்து வாசித்துவிட்டு மாலை போடுவது வழக்கம். உங்களுக்கு அது ஒத்துவராது. புகழ்ச்சி கேட்டால் "ஆதாரம் எங்கே" என்று கேட்கிறவர் நீங்கள். ஆகவே ஆதாரத்தோடு வந்திருக்கிறோம். அமர்ந்து கேட்டருள வேண்டுகிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் நீங்கள் பணியேற்றபோது ஆய்வகம் என்று அழைக்கப்பட்டது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இருந்தது, மூடிய நூற்பாலை ஒன்றிலிருந்து வந்த ஆளுயர மின்விசிறி; அதன் மேல் இரண்டு புறாக்கள். காற்றைக் குவித்து, நேராக்கி, கண்ணாடிப் பெட்டி வழியே ஓடவிடும் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்ட வேண்டும் என்றீர்கள். கட்டுவதற்கு வந்தவர் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பாடி கட்டிப் பழகிய மரவேலை மேஸ்திரி நாச்சிமுத்து. நாதசுரத்தின் வாயைப் போல அகன்று தொடங்கி ஒடுங்கி முடியும் ஒரு மரக் குழாய் வேண்டும் என்று நீங்கள் தாளில் வரைந்து காட்டியதை அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், லாரிக்குக் கட்டியிருக்கறேன், பஸ்ஸுக்குக் கட்டியிருக்கறேன். காத்துக்குப் போயி ஊடு கட்டச் சொல்றீங்களே."

"குடியிருக்கறதுக்கு இல்லைங்கண்ணே. ஓடறதுக்கு."

அன்று கட்டிய குழாய்தான் இன்றும் ஓடுகிறது. புறாக்கள் மட்டும் இடம் மாறிவிட்டன.

அம்மையீர்! சுரங்கம் கட்டியாயிற்று, காற்றும் ஓடியாயிற்று. ஆனால் ஓடுகிற காற்றை யார் பார்த்தது? அதற்கும் வழி சொன்னவர் நீங்களே. குமாரபாளையத்துத் தறிக்கூடங்களில் வெட்டிக் கழித்த நூல் துண்டுகளைப் பை நிறைய வாங்கி வந்தீர்கள். விரல் நீளத்துக்கு நறுக்கி, மரத்தில் செய்த மாதிரிக் காரின் உடலெங்கும் ஒரு முனையை மட்டும் ஒட்டச் சொன்னீர்கள். காற்று உடலைத் தழுவி ஒழுங்காக ஓடும் இடத்தில் நூல் அசையாமல் படுத்துக்கொள்ளும்; காற்று பிடி விட்டுச் சுழலும் இடத்தில் நூல் எழுந்து துடிக்கும். பேருந்துச் சன்னலுக்கு வெளியே நூலைப் பிடித்தபடி வந்த உங்களைக் கையை உள்ளே எடுக்கச் சொல்லி நடத்துநர் அதட்டியதும், கை உள்ளேதான் இருக்கிறது, வெளியே இருப்பது நூல் என்று நீங்கள் அமைதியாகப் பதில் சொன்னதும், அவரும் அடுத்த நிறுத்தம் வரை நூலையே பார்த்துக்கொண்டு வந்ததும் இந்தச் சாலையில் இன்றும் பேசப்படும் சங்கதிகள்.

"நூல் படுத்துருச்சா?" ஆய்வகத்தில் உங்கள் ஒரே கேள்வி இதுதான். படுத்தால் கையெழுத்து, படுக்காவிட்டால் மறுபடி சோதனை. முப்பத்து நான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்வியிலிருந்து விலக்குப் பெற்றவர் எவரும் இலர்.

அலமாரியில் வரிசையாக நிற்கும் அந்த ஐந்து மரக் கார்களைப் பாடாமல் இந்த மடல் நிறைவு பெறுமா? நாச்சிமுத்து செதுக்க, நீங்கள் சாயம் பூச, பந்தயக் காரின் அரை நூற்றாண்டு வரலாற்றை ஐந்தே மரத் துண்டுகளில் அடக்கினீர்கள். முதலாவது, சக்கரங்களையும் மூடி மீனைப் போல வழவழவென்று வளைத்தது. காற்றுக்குத் தெரியாமல் நழுவிவிட நினைத்த காலம் அது. இரண்டாவது, சுருட்டைப் போல ஒல்லியாக உருட்டியது. காற்றைக் குத்திக் கிழித்துப் போக நினைத்த காலம். இந்த இரண்டோடு பழைய எண்ணம் முடிந்தது என்பீர்கள். அதுவரை காற்றுப் பகை. அதன் பிறகு காற்று வேலைக்காரன்.

மூன்றாவது காரை நீங்கள் கையில் எடுக்கும்போது வகுப்பு நிமிரும். உடல் அதே சுருட்டுத்தான். ஆனால் முதுகில் இரண்டு மெல்லிய கால்களின் மேல் உயரத்தில் ஓர் இறக்கை. விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டினால், தூக்குகிற காற்றே கீழே அமுக்கும். அமுக்கினால் சக்கரம் தரையைக் கவ்வும். கவ்வினால் வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் இந்த ஒரே எண்ணம் பந்தயக் காரின் தோற்றத்தையே திருப்பிப் போட்டது. அந்த மெல்லிய கால்கள் ஓட்டத்தின் நடுவே முறிந்து விபத்துகள் நேர்ந்ததையும், உயர்ந்த இறக்கைகள் தடை செய்யப்பட்டதையும் ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டதில்லை நீங்கள். பிறகு நான்காவது: மூக்கு முதல் முதுகு வரை காரே ஓர் ஆப்பாக மாறியது. ஐந்தாவது: காரின் அடிவயிறே கவிழ்த்த இறக்கையாகி, அடியில் ஓடும் காற்று வெளியேறாதிருக்க இரு பக்கமும் தரை தொடும் மறைப்பு கட்டியது. அந்த மறைப்புக்கு மேல்நாட்டில் வழங்கும் பேர் பாவாடை என்று நீங்கள் சொன்னபோது, முப்பது ஆண்டு லாரி பார்த்த நாச்சிமுத்து உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"லாரிக்குப் பொட்டு வெச்சிருக்கறேன், பூ வெச்சிருக்கறேன். பாவாடை கட்டுனதில்லைங்க."

கட்டினார். கச்சிதமாகவே கட்டினார்.

ஆனால் அம்மையீர், இந்த மேடையில் நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பொன்னாடை போர்த்த எங்களுக்குக் கை வரவில்லை.

சென்ற ஆண்டு, இறுதியாண்டு மாணவர் இருபது பேர் உங்கள் மூன்றாவது மரக் காரை மனத்தில் வாங்கி, அதே பாணியில் ஆள் ஏறி ஓட்டும் முழு அளவுக் கார் ஒன்றைக் கட்டினார்கள். இரண்டாண்டு உழைப்பு. கோவைப் பந்தயத் தடத்தில் பழம்பாணிக் கார்கள் ஓடும் நாளில் இதுவும் ஓட வேண்டும். ஓட்டப்போகிறவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் மகள் மைதிலி. தடத்தில் இறங்க ஒரே ஒரு தாள் தேவை: காற்றுச் சோதனையில் பாதுகாப்பானது என்று ஆய்வகப் பொறுப்பாளர் இடும் கையெழுத்து. பெயர் கொடுக்க எட்டே நாள் இருந்தது. நீங்கள் கையெழுத்திட மறுத்தீர்கள்.

காரணம் கேட்டால், அந்தக் காரின் மர மாதிரியைச் சுரங்கத்தில் வைத்துக் காற்றை ஓட்டியபோது, அமுக்கும் விசையைக் காட்டும் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை, நடுங்குகிறது என்றீர்கள். நடுக்கத்தையெல்லாம் கூட்டி வகுத்தால் வேண்டிய எண்ணுக்குச் சற்று மேலேயே வந்தது. மேலிருந்து பார்த்தால் தெரிகிற நூல் எல்லாம் படுத்தேயிருந்தது. அணித் தலைவன் சரவணக்குமார் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"சராசரி சரியா வருதுங்க மேடம். இன்னும் என்னங்க மேடம் வேணும்?"

"சராசரி அந்தக் கார்ல உக்காரப் போறதில்ல சாமி. மைதிலி உக்காரப் போகுது."

மாணவர் முகம் தொங்கியது. அப்போது அவர்களுக்காகப் பரிந்து பேச வந்தவர்கள் யார் தெரியுமா? நாங்கள்தாம். ஆசிரியர் அறையிலிருந்து ஐந்து பேர் ஒன்றாக வந்தோம். முள் பழசு, நடுங்கத்தான் செய்யும் என்றோம். பிள்ளைகளின் இரண்டு வருடம் என்றோம். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் எதற்கு இந்தப் பொல்லாப்பு என்று கூடச் சொன்னோம். கடைசியாக, "ஒரு கையெழுத்துத்தானே மேடம்" என்றோம். நீங்கள் எங்களுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தீர்கள். கையெழுத்தைக் கொடுக்கவில்லை.

அந்த வாரத்தில் ஆயுத பூசை வந்தது. ஆய்வகச் சாவியை வழக்கம்போல் நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் பொரி வாங்க நீங்கள் கதவோரம் வந்து நின்றீர்கள். நாச்சிமுத்து பொட்டு வைப்பதில் கஞ்சத்தனம் பார்க்காதவர். விசிறிக்கு வைத்தார், குழாய்க்கு வைத்தார், சுரங்கத்தினுள் கம்பியில் மாட்டியிருந்த மாதிரிக் காரையும் விடவில்லை. மேலே மட்டும் வைத்தால் போதுமா, கீழே இருப்பதும் வண்டிதானே என்று இறக்கையின் அடிப்பக்கத்திலும் சந்தனக் குங்குமத்தை வரிசையாக வைத்தார். சூடம் காட்டியாயிற்று. பூசை முடிந்ததும் எந்திரத்தை ஒருமுறை ஓட்டி நிறுத்துவது இந்தப் பக்கத்து வழக்கம். மாதிரிக் கார் உள்ளே இருப்பதையும், சந்தனம் ஈரமாயிருப்பதையும் எவரும் நினைக்கவில்லை; விசிறியின் சுவிட்சைத் தட்டிவிட்டார்கள்.

சந்தனம் பறந்தது. கண்ணாடியெல்லாம் மஞ்சள். விசிறியை நிறுத்திவிட்டு நாச்சிமுத்து பதறியபடி ஈரத்துணியோடு ஓடி, மாதிரியை வெளியே எடுத்துக் கவிழ்த்தார். கவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். காரின் மேல் வைத்த பொட்டுகள் எல்லாம் காற்றோடு பின்பக்கம் கோடு இழுத்திருந்தன. இறக்கைக்கு அடியில் வைத்தவற்றுள் பாதி, காற்று வந்த திசையை நோக்கி, முன்பக்கமாக வழிந்திருந்தன.

"மேடம், இது நல்லதுக்கில்லைங்க. வெச்ச பொட்டு திரும்பி வருதுன்னா வண்டிக்கு ஆகாதுங்க."

நீங்கள் கையிலிருந்த பொரியைக் கீழே வைத்தீர்கள். துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள்.

"துடைக்காதீங்கண்ணே. நீங்க சொல்றதுதான் சரி. வண்டிக்கு ஆகாது."

சகுனம் பார்த்தவரும் சோதனை பார்த்தவரும் ஒரே முடிவுக்கு வந்த நாள் அது. பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து நீங்கள் விளக்கியதை நாங்கள் வாசற்படியில் நின்று கேட்டோம். அதிக அமுக்கம் வேண்டும் என்ற ஆசையில் பிள்ளைகள் இறக்கையை அளவுக்கு மீறிச் சாய்த்துவிட்டார்கள். மேலே காற்று ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அங்கேதான் நூலும் ஒட்டியிருந்தது. அடியில் காற்று தாக்குப்பிடிக்காமல் பிடி விட்டுத் திரும்பிச் சுருள்கிறது. பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது, விடுகிறது. முள் நடுங்கியது அதனால். கூட்டி வகுத்தால் நடுக்கம் மறைந்து நல்ல எண் மட்டும் நிற்கும். தடத்தில் அந்த நடுக்கம் இறக்கையைத் தாங்கும் இரண்டு மெல்லிய கால்களில் இறங்கும். அந்தக் காலத்தில் கால்கள் எப்படி முறிந்தன என்பது வகுப்பிலேயே படித்ததுதானே.

மைதிலி போய், முழு அளவுக் காரின் இறக்கையைத் தாங்கும் கால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அதன் தடிமன் அவள் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது.

பிறகு நடந்தது வேலை. இறக்கையின் சாய்வை ஐந்து பாகை குறைத்தீர்கள். கால்களை ஒரு சாண் குட்டையாக்கி, குறுக்கே தாங்குகம்பி கொடுக்கச் சொன்னீர்கள். சுரங்கத்தின் தரையில் கண்ணாடிச் சன்னல் வெட்டி, நாச்சிமுத்து தன் மொபெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி அதன் கீழே சாய்த்து வைத்தார். இம்முறை நூல் முழுவதும் இறக்கையின் அடியில். ஏழாம் நாள் மாலை விசிறி ஓடியது. கண்ணாடியில் குனிந்து பார்த்தீர்கள். ஒரு நூல் விடாமல் படுத்திருந்தது. முள் குத்திட்டு நின்றது. பேனாவைத் திறந்தீர்கள்.

அந்த நேரத்தில் ஆய்வகத் தொலைபேசி ஒலித்தது; நாச்சிமுத்து எடுத்தார். மறுமுனையில் முதல்வர் குணசீலன் அவர்கள். கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து வந்து நான்கே மாதம் ஆகியிருந்த அவருக்கு உங்கள் ஆய்வக மொழி பழகியிருக்கவில்லை. ஐயா பொறுத்தருளட்டும், நாச்சிமுத்து சொன்னபடியே எழுதுகிறோம்.

"சோதனை என்னாச்சு மேஸ்திரி?"

"எல்லாம் படுத்துருச்சுங்க ஐயா."

"எல்லாமேவா? ஒண்ணுகூடத் தேறலையா?"

"ஒண்ணு பாக்கியில்லைங்க ஐயா. மொத்தமும் படுத்துருச்சுங்க. மேடத்துக்கு இப்பத்தானுங்க நிம்மதி."

ஊரில் லாரி நடுரோட்டில் நின்றாலும் படுத்துருச்சு. படம் ஓடாவிட்டாலும் படுத்துருச்சு. முதல்வர் வேறு என்ன நினைப்பார்? கோவைக்குப் பேசி, எங்கள் கார் வரவில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்துவிட்டார். மனமுடைந்த மாணவர்களைத் தேற்ற இருபது பேருக்குத் தேநீரும் போண்டாவும் எடுத்துவரச் செய்து, கொட்டகைக்கே நேரில் வந்தார். உள்ளே ஆட்டமும் பாட்டமுமாக இருந்தது. இவ்வளவு பெரிய தோல்வியை இத்தனை மகிழ்ச்சியோடு ஏற்கும் பிள்ளைகளைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்று உருக்கமாகப் பேசத் தொடங்கினார். பேச்சு முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்து, பிறகு நீங்கள் சொன்னீர்கள்:

"நூலுதாங்க ஐயா படுத்துச்சு. வண்டி எந்திரிச்சு நிக்குதுங்க."

ஒரு சொல்லுக்குப் பொருள் விளக்கி மறுபடியும் கோவைக்குப் பேச அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. போண்டா அதற்குள் தீர்ந்துவிட்டது.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் கார் ஓடியது. நாங்கள் எல்லோரும் வேகத்தைப் பார்த்தோம். நீங்கள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, இறக்கையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மூன்று சிவப்பு நூல்களை மட்டுமே பார்த்தீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் கார் உங்களைக் கடக்கும்போது உங்கள் உதடு அசைந்தது. துஆ ஓதினீர்களா, நூலை எண்ணினீர்களா என்று நாங்கள் கேட்கவில்லை. பத்துச் சுற்றும் முடித்து வந்த மைதிலி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நேரே உங்களிடம்தான் வந்தாள்.

"வளைவுல பயமே வரலைங்க மேடம். யாரோ தோள்ல கை வெச்சு அமுக்கிப் பிடிச்சிருக்கற மாதிரியே இருந்துச்சுங்க."

"யாரோ இல்ல சாமி. காத்து."

காற்று என்றீர்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு கையெழுத்துத்தானே என்று ஐந்து பேர் கூடி நின்று கேட்டபோது கொடுக்காத கையே அவள் தோளில் இருந்தது. அன்று அந்தச் சொல்லைச் சொன்ன ஐவரும் இன்று இந்த மேடையில் நிற்கிறோம். நாங்கள் கேட்டது தவறு. நீங்கள் மறுத்தது எங்களுக்கும் பாடம்.

பண்பாளரே! நாளை முதல் ஏழே கால் பேருந்தின் சன்னலோரம் வேறொருவருக்குக் கிடைக்கும். ஆய்வகத்தை ஏற்பவர் உங்கள் மாணவர் கோகுல்ராஜ். அவரும் நூலைக் கேட்டுத்தான் பேனாவைத் திறப்பார், நாங்கள் பார்த்துவிட்டோம். பிள்ளைகளின் அந்த மர மாதிரியும் ஆறாவது காராக அலமாரியில் ஏறிவிட்டது. இறக்கையின் அடியில் வழிந்த சந்தனத்தை எவரும் துடைக்கவில்லை. ஆகவே கவலை எதையும் கையோடு எடுத்துச் செல்லாதீர்கள். உடல் நலமும் உள்ள நிறைவும் ஓங்க, கண்ணொளி மங்காமல், குடும்பத்தார் சூழ நீங்கள் நூறாண்டு நிறைவாக வாழ வேண்டும் என்று, அவரவர் வணங்கும் இறைவனிடம் அனைவரும் வேண்டுகிறோம்.

இறுதியாக ஒன்று. இந்த மடலுக்குச் சட்டம் போட்டவர் நாச்சிமுத்து. மேல் விளிம்பில் விரல் நீளச் சிவப்பு நூல் ஒன்றை ஒட்டியிருக்கிறார். கோட்டையில் உங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியபின் மின்விசிறியைப் போட்டுப் பாருங்கள். நூல் துடித்தால் நாங்கள் எங்கேயோ கூட்டிச் சொல்லியிருக்கிறோம். திருப்பி அனுப்புங்கள், திருத்தித் தருகிறோம். படுத்தால், எங்கள் பெயர்களுக்குக் கீழே விட்டிருக்கும் இடத்தை நிரப்புங்கள். நீங்கள் பார்க்காமல் இந்த ஆய்வகத்திலிருந்து எந்தத் தாளும் வெளியே போனதில்லை. இதுவும் போகக் கூடாது.

என்றும் அன்புடன்,
முதல்வர் குணசீலன், நாச்சிமுத்து, கோகுல்ராஜ்
மற்றும் கல்லூரியின் ஆசிரியர், அலுவலர், பணியாளர் அனைவரும்

நூல் படுத்தது. சரிபார்த்தேன்:

........................................
(கௌசியா)